பொருளுக்கா, பொருளைச் செய்யும் கருவிக்கா? இயந்திரக் கண்டுபிடிப்புகளில் காப்புரிமை எதன் மேல் நிற்க வேண்டும்?

#1 வில்சுருள்

அனைவருக்கும் வணக்கம். நானும் என் நண்பர் ஒருவரும் சேர்ந்து, கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே பூட்டவும் கழற்றவும் கூடிய ஒரு கம்பிக் கொக்கியை வடிவமைத்திருக்கிறோம். ஒரே கம்பியை வளைத்துச் செய்தது. தனியாக ஸ்பிரிங்கோ ரிவெட்டோ கிடையாது. கொக்கியின் சிறப்பு முழுவதும் கம்பி திரும்பும் ஓரிடத்தில்தான் இருக்கிறது. அந்த வளைவைக் கையால் செய்தால் ஒன்று திறக்க முடியாதபடி இறுகிவிடுகிறது, மற்றொன்று தொளதொளவென்று நிற்கிறது. வளைத்துவிட்டுக் கையை எடுத்ததும் கம்பி சற்றே நிமிர்ந்துகொள்வதுதான் காரணம். அதைச் சமாளிக்க என் நண்பர் தனியாக ஒரு ஜிக், அதாவது கம்பியைப் பிடித்து ஒரே அளவில் வளைக்க உதவும் பட்டறைக் கருவி, செய்தார். அதில் வளைத்தால் எல்லாக் கொக்கிகளும் ஒரே மாதிரி வருகின்றன.

இப்போது எங்களுக்குள் கருத்து வேறுபாடு. கொக்கிக்குக் காப்புரிமை கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். கொக்கியை யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துவிடுவார்கள், உண்மையான கண்டுபிடிப்பு ஜிக்தான் என்பது நண்பரின் வாதம். ஜிக்குக்குத் தனியாகக் காப்புரிமை கேட்பதா, அல்லது அதை வெளியே காட்டாமல் வைத்துக்கொள்வதா என்பதிலும் அவருக்கே தெளிவில்லை. அன்றாடப் பொருள்களிலும் தொழிற்சாலை எந்திரங்களிலும் இதற்கு முன்பு இப்படிப்பட்ட நிலை வந்தபோது என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வளைவு எப்படி அமைந்திருக்கிறது என்பதை அடுத்த பதிவில் படத்துடன் விளக்குகிறேன்.

#2 முத்திரைத்தாள்

படம் போடாதீர்கள் ஐயா. இதுவரை எழுதியதில் வளைவின் வடிவம் வெளிப்படவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

விண்ணப்பம் செய்யும் நாளுக்கு முன் உலகில் எங்காவது எவராவது வெளிப்படுத்திய எதுவும் புதியதாகாது என்பதே இன்று பெரும்பாலான நாடுகளின் சட்டம். அந்த எவராவது என்பதில் கண்டுபிடித்தவரும் அடக்கம். அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாடுகள், கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு வரை விலக்குத் தருகின்றன. ஐரோப்பியக் காப்புரிமையில் அத்தகைய பொதுவான சலுகை கிடையாது. ஆகவே ஓர் ஆர்வத்தில் இங்கே போடும் படம், உங்கள் விண்ணப்பத்துக்கு எதிராக நீங்களே தயாரித்துக் கொடுத்த ஆவணமாகிவிடும்.

எழுத்தில் வெளியிடாமல் பயன்பாட்டுக்குக் கொடுத்தாலும் இதே ஆபத்து உண்டு. கார்செட் என்னும் இறுக்கமான உள்ளாடைக்குள் வைக்கும் எஃகுப் பட்டைகள் அடிக்கடி முறிந்துகொண்டிருந்த காலத்தில், ஒருவர் முறியாத பட்டைகளைச் செய்து 1855இல் தம் தோழிக்குக் கொடுத்தார். அவர் அதை ஆடைக்குள்தான் அணிந்தார்; வெளியே எவர் கண்ணிலும் படவில்லை. விண்ணப்பம் போட்டது 1866இல். அணிந்தவர் ஒரே ஒருவர், அதுவும் மறைவாக என்றாலும், ரகசியம் காக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு எதுவும் அவருக்கு விதிக்கப்படாததால் அது பொதுப் பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1881இல் தீர்ப்பளித்துக் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. தீர்ப்பு கடுமையானது என்பதே என் எண்ணம். ஆனாலும் கொக்கியை யாருக்காவது கொடுத்துச் சோதிப்பதாக இருந்தால், எழுத்துப்பூர்வமான ரகசிய உடன்பாடு இல்லாமல் கொடுக்க வேண்டாம்.

#3 வில்சுருள்

எச்சரிக்கைக்கு நன்றி. படம் வராது. இதுவரை எங்கள் இருவரைத் தவிர எவரிடமும் கொக்கி போகவில்லை. வடிவத்தைச் சொல்லாமலேயே தொடர்வோம்.

#4 கடைசல்பொறி

உங்கள் நண்பரின் வாதத்துக்கு வரலாற்றில் நல்ல சாட்சி இருக்கிறது. ஜிப்பை எடுத்துக்கொள்வோம்.

விட்கோம் ஜட்சன் 1893இல் பெற்ற காப்புரிமையே ஜிப்பின் தொடக்கமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது கொக்கிகளும் கண்ணிகளும் வரிசையாக நிற்க, ரன்னர் எனும் நகரும் இழுபிடி ஒன்று அவற்றைக் கோத்துக்கொண்டு போகும் அமைப்பு. காலணிக்கு என்று நினைத்துச் செய்தது. யோசனை அருமை, ஆனால் வளைந்தால் திறந்துகொண்டது. கிடியன் சண்ட்பேக் என்ற பொறியாளர் அதே நிறுவனத்தில் சேர்ந்து கொக்கியையே விலக்கிவிட்டு 1917இல் பெற்ற காப்புரிமைதான் நாம் இன்று பயன்படுத்தும் ஜிப். ஒரு ஜிப்பைக் கையில் எடுத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்லின் ஒரு பக்கத்தில் சிறு குமிழும் மறுபக்கத்தில் அதே அளவுள்ள குழியும் இருக்கும். ஒரு பல்லின் குமிழ் எதிர்ப் பல்லின் குழிக்குள் உட்காருகிறது. இரண்டு பற்களை மட்டும் பொருத்தினால் அவை தாமாகவே நழுவிவிடும். மேலும் கீழும் அடுத்தடுத்த பற்கள் அடைத்து நிற்பதால்தான் நடுவில் உள்ளது விலக இடமில்லாமல் பூட்டப்படுகிறது. ரன்னர் செய்வதெல்லாம் நாடாவைச் சற்றே வளைத்து, பற்களுக்கு இடையில் உள்ளே நுழையும் அளவுக்கு இடைவெளியை ஒரு கணம் திறந்து கொடுப்பதுதான்.

இப்போது செய்முறையை யோசியுங்கள். குமிழும் குழியும் சிறிது மாறினாலும், பற்களுக்கு இடையே உள்ள தூரம் சிறிது பிசகினாலும் முழு ஜிப்பும் வீண். ஒவ்வொன்றாகச் செய்து தைக்கிற வேலையாக இது ஒருநாளும் நடக்காது. சண்ட்பேக் அதற்கென்றே ஓர் எந்திரத்தையும் உருவாக்கினார். ஆங்கில ஒய் எழுத்தைப் போன்ற குறுக்குவெட்டு உள்ள கம்பியை எந்திரத்துக்குள் செலுத்தினால், அது ஒவ்வொரு துண்டாகச் சீவி, குத்துளியால் (பஞ்ச்) குத்திக் குமிழையும் குழியையும் எழுப்பி, இரண்டு கால்களையும் நாடாவின் ஓரத்தில் கவ்வ வைத்து அழுத்திவிடும். கம்பியின் குறுக்குவெட்டே பல்லின் வடிவமாக இருப்பதால் கழிவு மிகக் குறைவு. என் பார்வையில் இந்த எந்திரம் இல்லாவிட்டால் 1917 காப்புரிமை அருங்காட்சியகத்தில் வைக்கும் காகிதமாகப் போயிருக்கும்.

இதே கதை வேறு இடங்களிலும் உண்டு. கிங் ஜில்லெட்டின் சவரக் கத்திக்கு 1904இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அவ்வளவு மெல்லிய எஃகுத் தகட்டைக் கோணாமல் கடினப்படுத்தித் தீட்டும் எந்திரங்களை வில்லியம் நிக்கர்சன் அமைத்த பிறகுதான் அது வியாபாரம் ஆனது. நட்சத்திர வடிவப் பள்ளம் உள்ள பிலிப்ஸ் திருகாணிக்கு 1936இல் காப்புரிமை கிடைத்தது. தலையில் அந்தப் பள்ளத்தைக் குத்தினால் தலை பலவீனமாகிவிடும் என்று பல உற்பத்தியாளர்கள் கைவிரித்தனர், ஒரு நிறுவனம் அதற்கு வழி கண்ட பிறகே அது வாகனத் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தது.

மாறாக, ஊக்கைப் பாருங்கள். வால்டர் ஹன்ட் 1849இல் காப்புரிமை பெற்றது ஒரே கம்பியில் செய்த பொருள். ஒரு சுற்று ஸ்பிரிங்காகிறது, மறுமுனை முள்ளை மறைக்கும் கூடாகிறது. கம்பி வேலை தெரிந்த எவரும் அன்றே செய்திருக்கலாம். அங்கே எல்லா மதிப்பும் பொருளில்தான். (அந்த உரிமையை அவர் 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது வேறு கதை.) உங்கள் கொக்கி ஊக்கின் பக்கத்தில் நிற்கிறதா, ஜிப்பின் பக்கத்தில் நிற்கிறதா? முதலில் முடிவு செய்ய வேண்டியது அதுதான்.

#5 நூல்மட்டம்

கடைசல்பொறி சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. மதிப்பு ஜிக்கில் இருக்கிறது என்றால், அதற்குக் காப்புரிமை கேட்பது வீட்டுச் சாவியின் அளவை வாசலில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். கொக்கி சந்தைக்கு வந்துதான் ஆக வேண்டும். ஜிக் பட்டறையை விட்டு வெளியே வர வேண்டியதே இல்லை. அதை ஏன் ஊரறிய விளக்கி, 20 ஆண்டுகளுக்குப் பிறகு எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும்?

கார்ல் எட்வர்ட் யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர் இப்படித்தான் செய்தார். அளவுக் கட்டைகளைக் கொண்டு வேலை செய்பவர்களுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். துப்பாக்கித் தொழிற்சாலையில் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனி அளவி வைத்திருந்த காலத்தில், ஒன்றோடொன்று சேர்த்து வைத்தே வேண்டிய அளவைப் பெறும் கட்டைத் தொகுதியை அவர் உருவாக்கினார். 102 கட்டைகள் கொண்ட தொகுதி, 1 மில்லிமீட்டரிலிருந்து 201 மில்லிமீட்டர் வரை நூறில் ஒரு மில்லிமீட்டர் படியில் ஏறத்தாழ 20,000 அளவுகளைத் தந்தது. எந்தெந்த அளவில் கட்டைகள் இருக்க வேண்டும் என்ற அமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். ஆனால் அந்தக் கட்டைகளின் முகங்களை அத்தனை சமதளமாக, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு மெருகேற்றிய முறையை அவர் வெளியிடவே இல்லை. பார்த்தவுடன் எவருக்கும் புரிந்துவிடும் பகுதிக்குக் காப்புரிமை, பார்த்தாலும் புரியாத பகுதிக்கு ரகசியம். இதைவிடத் தெளிவான பாகப்பிரிவினை எனக்குத் தெரியவில்லை.

ரகசியம் என்றென்றும் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. முதல் உலகப் போரின்போது கட்டைகளுக்குத் தட்டுப்பாடு வர, அமெரிக்காவில் வில்லியம் ஹோக் வேறொரு வழியில் அவற்றைச் செய்துகாட்டினார். அதற்குள் யோஹான்சனின் பெயரே தரத்தின் அடையாளமாகிவிட்டது.

#6 முத்திரைத்தாள்

நூல்மட்டம் சொல்லும் பாகப்பிரிவினை கேட்க நன்றாக இருக்கிறது. இந்தக் கொக்கிக்கு அது பொருந்துமா என்பதில்தான் எனக்கு ஐயம். இரண்டு காரணங்கள்.

முதலாவது, காப்புரிமை என்பதே ஒரு கொடுக்கல் வாங்கல். குறிப்பிட்ட காலத்துக்குத் தனியுரிமையை வாங்கிக்கொண்டு, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவர் படித்துவிட்டு அப்படியே செய்யும் அளவுக்கு முழு விளக்கத்தைக் கொடுக்கிறோம். விளக்கம் போதாது என்றால், கொடுத்த காப்புரிமையையே ரத்து செய்யலாம். வில்சுருளின் முதல் பதிவை மீண்டும் படியுங்கள்: கையால் வளைத்தால் கொக்கி சரியாக வருவதில்லை, ஜிக்கில் வளைத்தால் மட்டுமே வருகிறது என்கிறார். அது உண்மையானால், கொக்கிக்கான விண்ணப்பத்தில் ஜிக்கை மறைத்துவிட்டு வளைவின் படத்தை மட்டும் கொடுப்பது, செய்ய முடியாத பொருளுக்கு உரிமை கேட்பதாகும். எதிராளி நீதிமன்றத்தில் இந்தப் பதிவையே எடுத்துக் காட்டலாம். யோஹான்சனுக்கு இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு எழவில்லை. கட்டைகளின் எண்ணிக்கையும் அளவுகளும் மெருகேற்றும் முறையைச் சாராமலே விளக்கக்கூடியவை.

இரண்டாவது, ரகசியத்தின் சட்டப் பாதுகாப்பு மெலிந்தது. திருடினால்தான் குற்றம். வேறொருவர் தாமாகவே அதே ஜிக்கைச் செய்தாலும், கொக்கியை வாங்கிப் பிரித்து ஆராய்ந்து கண்டுபிடித்தாலும் நீங்கள் தடுக்க முடியாது. அவர் அதற்குக் காப்புரிமையே பெற்றுவிட்டால், ஏற்கெனவே பயன்படுத்தி வந்தவர் என்ற முறையில் உங்கள் பட்டறைக்குள் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை பல நாடுகளில் உண்டு. ஆனால் அதைப் பிறருக்கு உரிமம் கொடுக்க முடியாது. சில ஆண்டுகள் ரகசியமாகப் பயன்படுத்திக் கொக்கிகளை விற்றுவிட்டு, பிறகு ஜிக்குக்குக் காப்புரிமை கேட்கலாம் என்ற கணக்கும் அமெரிக்காவில் செல்லாது.

ரகசியத்தின் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிக்குக்குக் காப்புரிமை இருந்தும், பிறர் மூடிய கதவுக்குள் அதையே பயன்படுத்துகிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஜிக்கைக் கருவியாக மட்டும் கோராமல், கம்பியை வளைக்கும் முறையாகவும் கோரலாம். முறைக்கான காப்புரிமை அந்த முறையால் நேரடியாகப் பெறப்பட்ட பொருளுக்கும் நீளும் என்பதும், குறிப்பிட்ட சூழல்களில் வேறு முறையில் செய்தேன் என்று காட்டும் சுமை எதிராளியின் மேல் விழும் என்பதும் அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்பாட்டில் இருக்கின்றன. இருந்தாலும் ஐயமே இல்லாமல் பிடிபடுவது பொருளில்தான். கொக்கியைக் கடையில் வாங்கி மேசைமேல் வைத்தால் போதும்.

#7 நூல்மட்டம்

"தேர்ந்த ஒருவர்" என்றால் யார்? கையில் குறடு மட்டும் உள்ளவரா, கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. கம்பி வளைக்கும் எந்திரம் உள்ளவரா? இரண்டாமவர் ஜிக் இல்லாமலே கொக்கியைச் செய்துவிட முடியும் என்றால், முத்திரைத்தாள் எழுப்பும் முதல் தடையே விழுந்துவிடுகிறது. ஜிக் நம்முடைய வேகத்துக்கும் சிக்கனத்துக்குமான தனிச் சொத்தாக உள்ளே இருந்துகொள்ளலாம். இதை வாதத்தால் தீர்க்க முடியாது. ரகசிய உடன்பாடு எழுதி வாங்கிக்கொண்டு, அத்தகைய எந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் ஜிக்கைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் வரைபடத்தை மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

#8 பல்சக்கரம்

இடையில் வேறொரு செய்தி. கொக்கி இருவருடையது, ஜிக் நண்பருடையது என்று வில்சுருள் எழுதியிருக்கிறார். விண்ணப்பத்தில் யார் பெயர் எங்கே வரும் என்பதை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜேம்ஸ் வாட் காலத்தில் நடந்ததைப் பார்ப்போம். தனிக் குளிர்கலம் கொண்ட நீராவி எந்திரத்துக்கு 1769இல் அவர் பெற்ற காப்புரிமையை 1775இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று 1800 வரை நீட்டித்தது. அந்த எந்திரம் தண்ணீர் இறைக்க மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. ஆலைகளை ஓட்டச் சுழற்சி வேண்டும். அதற்கு எளிய வழி, மேலும் கீழும் ஆடும் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் என்ற வளைதண்டு. அதுவோ காலால் மிதித்துச் சுழற்றும் கடைசல் பட்டறையில் காலங்காலமாக இருந்த உறுப்பு. அதை நீராவி எந்திரத்தில் பொருத்துவதற்கு ஜேம்ஸ் பிக்கார்ட் 1780இல் காப்புரிமை வாங்கி வைத்துக்கொண்டார். வாட் அவரோடு மல்லுக்கு நிற்காமல், 1781இல் கிராங்க் இல்லாமலே சுழற்சியைப் பெறும் ஐந்து வழிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். அவற்றுள் நிலைத்தது சூரியன், கோள் என்று பெயர் பெற்ற பல்சக்கர அமைப்பு. இணைப்புத் தண்டின் முனையில் ஒரு பல்சக்கரம் சுழல முடியாதபடி பிணைக்கப்பட்டிருக்கும்; அது அச்சில் உள்ள மற்றொரு பல்சக்கரத்தைச் சுற்றி வரும். இரண்டுக்கும் பற்கள் சமமாக இருந்தால், உந்துதண்டு ஒருமுறை மேலே போய்க் கீழே வருவதற்குள் அச்சு இரண்டு சுற்றுச் சுற்றிவிடும். கிராங்கில் ஒரு சுற்றுதான். மெதுவாக ஆடும் எந்திரத்தில் ஓட்டத்தைச் சீராக வைக்கும் கனமான சக்கரத்தை (ஃபிளைவீல்) வேகமாகச் சுற்றவைக்க இது வசதியாகவே போயிற்று. தடையைச் சுற்றிப் போனதில் ஒரு லாபம். பிக்கார்டின் காலம் 1794இல் முடிந்ததும் கிராங்க் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

நான் சொல்ல வந்தது, அந்தப் பல்சக்கர அமைப்பை யோசித்தவர் வாட்டிடம் வேலை செய்த வில்லியம் முர்டாக் என்று பொதுவாக ஏற்கப்பட்டிருக்கிறது. காப்புரிமையில் இருப்பது வாட்டின் பெயர். ஜோசப் பிராமாவின் நிலையும் இதுவே. 1784இல் காப்புரிமை பெற்ற அவருடைய பூட்டு மிக நுட்பமான உறுப்புகளைக் கொண்டது. கையால் அறுத்து ராவிச் செய்ததால் அளவாகச் செய்ய முடியவில்லை. 1789இல் வேலைக்குச் சேர்ந்த ஹென்றி மாட்ஸ்லி என்ற இளைஞர்தான் அந்த உறுப்புகளைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்யும் பட்டறைக் கருவிகளை அமைத்தார். உங்கள் நண்பரின் ஜிக் செய்யும் வேலை அதேதான். சம்பள உயர்வு கேட்டபோது மறுக்கப்பட்டதால் மாட்ஸ்லி 1797இல் வெளியேறித் தமக்கென்று பட்டறை வைத்தார். இன்றைய சட்டத்தில் கண்டுபிடித்தவர் பெயர் விண்ணப்பத்தில் வந்தாக வேண்டும்; தவறான பெயர் அல்லது விடுபட்ட பெயர் பின்னால் பெரும் வில்லங்கம். உங்களில் எவராவது இதை அலுவல் நேரத்திலோ நிறுவனத்தின் எந்திரத்திலோ செய்திருந்தால், வேலை ஒப்பந்தத்தில் கண்டுபிடிப்புகளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

#9 வில்சுருள்

எல்லாமே எங்கள் சொந்த நேரத்தில், சொந்தக் கருவிகளில் செய்தவை, ஒப்பந்தங்களையும் பார்த்துவிட்டோம். நூல்மட்டம் சொன்ன சோதனைக்கு ஒருவரிடம் பேசியிருக்கிறோம். அதற்கிடையில் கேட்கிறேன்: கொக்கிக்கு என்று முடிவானால், எதன்மேல் உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் உரிமைகோரலை எப்படி எழுத வேண்டும்? "கம்பி இவ்வளவு பாகையில் வளைந்து, ஒரு கால் மற்றொன்றுக்கு இணையாக நிற்கும்" என்று அளவோடு எழுதினால் தெளிவாக இருக்கும் என்று நினைத்தோம்.

#10 முத்திரைத்தாள்

அளவோடு எழுதினால் தெளிவாகத்தான் இருக்கும். எங்கே தப்பலாம் என்பது போட்டியாளருக்கும் அவ்வளவே தெளிவாக இருக்கும்.

கட்டடத்தில் சன்னல், கதவுகளுக்கு மேல் வைக்கும் எஃகு லிண்டல் ஒன்றுக்குப் பிரிட்டனில் காப்புரிமை இருந்தது. உரிமைகோரலில் அதன் பின்தகடு "செங்குத்தாக" நிற்பதாக எழுதியிருந்தார்கள். போட்டி நிறுவனம் அதே லிண்டலைச் செய்தது, பின்தகட்டை மட்டும் செங்குத்திலிருந்து 6 அல்லது 8 பாகை சாய்த்து. சுமை தாங்கும் திறனில் அதனால் ஏற்பட்ட இழப்பு மிக அற்பம். வழக்கு கீழிருந்து, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரை போனது. வேலை தெரிந்த ஒருவர் "செங்குத்து" என்ற சொல்லை, துல்லியமாகத் தொண்ணூறு பாகை மட்டுமே என்று எழுதியவர் எண்ணியதாகக் கொள்வாரா என்று கேட்டு, மாட்டார் என்பதால் மீறல் நடந்தது என்று அங்கேதான் தீர்ந்தது. வென்றார்கள்; ஆனால் ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று நிலை நீதிமன்றங்கள்.

எல்லாருக்கும் அந்த வெற்றி கிடைக்கவில்லை. எபிலேடி என்ற முடி பிடுங்கும் சாதனத்தில், வளைத்துச் சுழற்றப்படும் சுருள் ஸ்பிரிங் ஒன்று உண்டு. வளைவின் வெளிப்புறத்தில் சுருள்கள் விரிந்து முடியை உள்ளே விடும், சுழன்று உட்புறம் வரும்போது நெருங்கி முடியைப் பிடித்து இழுக்கும். போட்டி நிறுவனம் ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கீறல்கள் போட்ட ரப்பர் தண்டை வைத்தது. வெளிப்புறத்தில் கீறல் திறக்கும், உட்புறத்தில் மூடும், வேலை அதேதான். உரிமைகோரலில் இருந்த சொல் "சுருள் ஸ்பிரிங்". ஒரே ஐரோப்பியக் காப்புரிமைதான். ஜெர்மன் நீதிமன்றம் மீறல் என்றது, பிரிட்டன் நீதிமன்றம் மீறல் இல்லை என்றது. ரப்பர் தண்டை எவரும் சுருள் ஸ்பிரிங் என்று படிக்க மாட்டார் என்பது பிரிட்டன் நீதிபதியின் வாதம். சட்டமாகப் பார்த்தால் அவர் பக்கம்தான் நான் சாய்வேன். எழுதியவர் "வளையும்போது ஒருபுறம் இடைவெளிகள் திறந்து மறுபுறம் மூடும் மீள்தன்மையுள்ள உறுப்பு" என்று எழுதியிருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

ஆகவே முதல் உரிமைகோரலில் கொக்கி எதனால் வேலை செய்கிறதோ அந்த உறவை மட்டும் எழுதுங்கள். எந்தப் பகுதி எதன்மேல் தாங்குகிறது, எது மீள்கிறது, எந்தத் திசையில் அழுத்தினால் விடுபடுகிறது என்பவையே அதில் வர வேண்டும். பாகை, விட்டம், உலோக வகை எல்லாம் அடுத்தடுத்த சார்பு உரிமைகோரல்களில் இறங்கட்டும். முதலாவது அகலமானது என்று தள்ளுபடியானாலும், குறுகியவை பின்னால் நிற்கும். முதல் உரிமைகோரலில் சேர்க்கும் ஒவ்வோர் உறுப்பும் எதிராளிக்குத் திறந்துவிடும் ஒரு வாசல். அந்த உறுப்பை விட்டுவிட்டுச் செய்தால் அவர் வெளியே போய்விடுவார்.

#11 கடைசல்பொறி

அகலமாக எழுதும்போது மறுபக்கத்துச் சுவரில் இடித்துக்கொள்ள வேண்டாம். வேலை தெரிந்தவர் இயல்பாகவே செய்யக்கூடிய மாற்றம் என்றால், புதியதாக இருந்தும் காப்புரிமை நிற்காது.

நிலத்தைக் கீறும் கலப்பையின் கொழுத்தண்டைச் சட்டத்தோடு பிணைக்கும் பிடி ஒன்றைப் பற்றியது, 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஜான் டியர் வழக்கு. பழைய பிடியில் தண்டு கீல்தகட்டுக்கு மேலே இருந்தது, புதியதில் கீழே. அதனால் கல்லில் மோதும்போது தண்டு முழு நீளத்துக்கும் வளைந்துகொடுக்கிறது என்றார்கள். இருக்கலாம், ஆனால் மேலே உள்ளதைக் கீழே மாற்றினால் அப்படித்தான் ஆகும் என்பது துறையில் உள்ளவருக்குத் தெரியும் என்று நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்த்த வழக்கு இன்னும் நெருக்கமானது. பாத்திரங்களைக் கடைசல் செய்து மெருகேற்றும்போது அவற்றைப் பிடித்துக்கொள்ளும் அமைப்புக்கு ஒரு காப்புரிமை. பழைய முறையில் பாத்திரம் லேத் எனும் கடைசல் எந்திரத்தின் தலைப்பகுதியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, வேலை செய்பவருக்கு ஆபத்தாக இருந்தது. புதியதில் எதிர்முனையிலிருந்து ஓர் அழுத்தத் தண்டு தாங்கிப் பிடித்தது. பயன் உண்மையானது, ஆபத்தும் குறைந்தது. ஆனாலும் எதிர்முனையில் தாங்கும் டெயில் ஸ்டாக் என்பது லேத்தில் ஏற்கெனவே உள்ள உறுப்பு, இது பட்டறை அளவிலான முன்னேற்றமே தவிர, கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்லிக் காப்புரிமை ரத்தானது. பட்டறையில் நிற்பவனாக எனக்கு இந்தத் தீர்ப்பில் வருத்தம் உண்டு. விரல் போகாமல் காப்பாற்றிய மாற்றத்தை "வெறும்" என்று சொல்வது எழுதுபவர்களுக்கு எளிது. ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி பயன் உண்டா என்பதோடு நிற்பதில்லை.

உங்கள் ஜிக்குக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். கம்பி நிமிரும் என்று தெரிந்து கூடுதலாக வளைப்பது எல்லாப் பட்டறையிலும் நடப்பதுதான். ஜிக் செய்வது அது மட்டும்தானா, அதற்கு மேல் வேறு ஏதாவது இருக்கிறதா?

#12 வில்சுருள்

சோதனை முடிந்தது. உடன்பாட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வரைபடத்தை மட்டும் கொடுத்தோம். சி.என்.சி. எந்திரத்தில் முதலில் வந்த கொக்கிகள் எங்கள் கையால் வளைத்தவற்றைப் போலவே தளர்வாக இருந்தன. அவர் வளைவின் பாகையைக் கூட்டிக் கூட்டிச் சரிசெய்து, எங்கள் ஜிக்கில் வந்ததற்கு இணையாகவே கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு கொக்கிக்கு எடுக்கும் நேரம் ஜிக்கைவிட மிக அதிகம். கம்பிச் சுருள் மாறினால் மறுபடியும் பாகையைத் திருத்த வேண்டியிருந்தது. எங்கள் ஜிக்கில் அந்தத் திருத்தம் தேவைப்படுவதில்லை. கடைசல்பொறியின் கேள்விக்கு என் நண்பர் சொல்லும் பதிலும் இதுதான்: கூடுதலாக வளைப்பது மட்டும் அல்ல, கம்பியின் கடினம் மாறினாலும் அதைத் தானே ஈடுசெய்யும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது. எப்படி என்பதை இங்கே எழுத மாட்டேன்.

#13 முத்திரைத்தாள்

நல்லது, எழுத வேண்டாம். சோதனையின் குறிப்புகளைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். வெளியார் ஒருவர் ஜிக் இல்லாமல் கொக்கியைச் செய்துவிட்டார் என்பதால், கொக்கியின் விண்ணப்பம் தன் காலில் நிற்கும். செய்முறையாக அவர் செய்த கூடுதல் வளைப்பு முறையையே விவரித்தால் போதும். கொக்கிக்கு முதலில் விண்ணப்பியுங்கள். அந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் பிற நாடுகளில் விண்ணப்பித்தால் முதல் நாளையே முன்னுரிமை நாளாகக் கோரலாம் என்பது 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் இருந்து வரும் வசதி.

ஜிக்கைப் பொறுத்தவரை நூல்மட்டத்தின் வழியே இப்போதைக்குச் சரி என்று படுகிறது, ஒரு நிபந்தனையோடு. கம்பி மாறினாலும் தானே ஈடுசெய்கிறது என்பது உண்மையென்றால் அது பட்டறைத் திருத்தத்தைத் தாண்டியது; மற்ற கம்பிப் பொருள்களுக்கும் அது பயன்படும் என்றால், கொக்கியைவிடப் பெரிய சந்தை அதற்குத்தான். அந்த நிலையில் மறைத்து வைப்பதைவிட உரிமம் கொடுப்பதே லாபம். காப்புரிமை இருந்தால் உரிமம் கொடுப்பது பாதுகாப்பானது. வேறு வகைக் கம்பிகளில் அதைச் சோதித்துவிட்டு, கொக்கிகளை விற்கத் தொடங்கும் முன்பே அதற்குத் தனி விண்ணப்பம் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள். போடுவதானால் அதில் கண்டுபிடித்தவராக உங்கள் நண்பரின் பெயர் மட்டும் வர வேண்டும்.